மூவாயிரத்து எண்ணூறு அடி உயரத்துக் குடல்

போடிநாயக்கனூருக்கு வெளியே, தேவாரம் போகிற சாலையில், உள்நாட்டு மீன்குஞ்சு ஆய்வு நிலையம் என்று ஒரு கட்டடம் இருந்தது. அதில் ஆறு சிமெண்டுத் தொட்டிகள், ஒரு நுண்ணோக்கி, ஒரு ஜீப்பு, ஒரு டாக்டர், ஒரு டிரைவர், ஒரு தற்காலிக ஊழியர். தற்காலிக ஊழியரின் பெயர் மலைச்சாமி. ஒன்பது வருடமாக அவன் தற்காலிகமாக இருந்தான். அவன் வேலைக்குச் சேர்ந்த வாரம் நட்ட வேப்பங்கன்று இப்போது ஜீப்புக்கு நிழல் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. நிலையத்தின் சொத்துப் பதிவேட்டில் அதை ‘நிரந்தர மரம்’ என்று எழுதியிருந்தார்கள். எழுதியவனே மலைச்சாமிதான், டாக்டர் சொல்லச் சொல்ல எழுதினான்.

இதை அவன் வீட்டில் போய்ச் சொன்னது தப்பு. அவன் மனைவி ராக்கு அதற்குப் பிறகு அந்த மரத்தை விடவில்லை.

“மரத்துக்குக் கெடச்சது ஒனக்குக் கெடைக்கல. நீயும் போயி அது பக்கத்துல ஒரு குழியத் தோண்டி நின்னுரு. எவனாச்சும் தண்ணி ஊத்துவான், நிரந்தரமாயிருவே.”

மலைச்சாமியின் முக்கியமான வேலை, காலையில் வந்ததும் தொட்டிகளில் செத்து மிதக்கும் மீன்குஞ்சுகளைச் சல்லடையால் அள்ளி வாளியில் போட்டுக் கொண்டுபோய்க் கொட்டுவது. நூறு குஞ்சு பொரித்தால் எண்பத்தெட்டு செத்துப்போகும். ஆண்டறிக்கையில் இதைப் ‘பன்னிரண்டு விழுக்காடு வெற்றி’ என்று போடுவார்கள். ஒன்பது வருடமாக அந்த வாளியைத் தூக்கிய கை மலைச்சாமியுடையது. வெற்றியின் கனம் அவனுக்குத் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் நிலையத்தின் தலைவர் டாக்டர் சுருளிவேல் ஆறு மாதப் பயிற்சிக்காக ஜப்பான் போய்த் திரும்பினார். போனபோது பேண்டு போட்ட ஆளாகப் போனவர், வந்தபோது ஜப்பான் போய் வந்த ஆளாக வந்தார். ஆய்வகத்துக்குள் செருப்போடு வரக்கூடாது என்றார். டீயில் பால் வேண்டாம் என்றார்; மூன்றாம் நாள் வேண்டும் என்றார். நான்காம் நாள் மலைச்சாமியையும் டிரைவர் அமாவாசையையும் எதிரில் நிற்க வைத்து உரையாற்றினார். நிலையத்தில் வேறு ஆள் இல்லை.

“மீனுக்கு வாய் இருக்கிறது, வால் இருக்கிறது. நடுவில் என்ன இருக்கிறது?”

“முள்ளு சார்,” என்றான் அமாவாசை.

“குடல்!” என்றார் டாக்டர். “குடலுக்குள் கிருமிகள். கிருமி என்றதும் பயப்படக் கூடாது. கெட்டது இருப்பதைப் போல நல்லதும் இருக்கிறது. ஆரோக்கியமான மீனின் குடலில் இருந்து நல்ல கிருமியைப் பிரித்தெடுத்து, வளர்த்து, தீவனத்தில் கலந்து நம்முடைய குஞ்சுகளுக்குக் கொடுத்தால், கெட்ட கிருமிக்கு உட்கார இடம் இருக்காது. குஞ்சு பிழைக்கும். இன்று ஜப்பானில் இதுதான் பேச்சு.”

இதில் தவறு எதுவும் இல்லை. டாக்டர் சொன்னவற்றில் முழுக்கச் சரியானது இது ஒன்றுதான் என்பதால், கடைசி வரை இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த கேள்வி, எந்த மீனின் குடல் என்பது. ஊருக்குள் இருக்கிற மீனின் குடலில் ஊரில் இருக்கிற அழுக்குதான் இருக்கும் என்று டாக்டர் தீர்மானித்தார். தூய்மை மலையில் இருக்கிறது. அதோடு, மூவாயிரத்து ஐந்நூறு அடிக்கு மேல் நடக்கிற ஆராய்ச்சிக்கு மலைப்பகுதித் திட்டத்தில் தனி ஒதுக்கீடும் இருந்தது. வரைபடத்தை மேசையில் விரித்து, குரங்கணிக்கு மேலே ஒரு நீலக் கோட்டில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டார்.

“கன்னிமார் தடாகம். மூவாயிரத்து எண்ணூறு அடி. மலைச்சாமி, வாரா வாரம் வியாழக்கிழமை ஜீப்பில் குரங்கணி போய், அங்கிருந்து ஒரு மணி நேரம் ஏறி, ஐந்து கெண்டை பிடித்து, அந்த இடத்திலேயே குடலை எடுத்து, பாட்டிலில் போட்டு, ஐஸ் பெட்டியில் கொண்டு வா. மீன் வேண்டாம். வழியில் கெட்டுப்போகும். குடல்தான் விஞ்ஞானம். இந்தத் திட்டம் தேறினால் உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி நானே எழுதுகிறேன்.”

மலைச்சாமிக்கு இதில் இரண்டு சிக்கல்.

அவன் மலை ஏற மாட்டாதவன் என்பது ஒரு பக்கம். பெயர் வைத்தவர்கள் அதை அவனிடம் கேட்டு வைக்கவில்லை. ஆனால் பெரிய விஷயம் அதுவல்ல. அந்தத் தடாகத்தின் ஓரத்தில் ஏழு கல் நட்டிருக்கும். அவன் வகையறாவின் சாமி அந்த ஏழு கன்னிமார். சித்திரை தோறும் பங்காளிகள் எல்லோரும் மேலே போய்ப் பொங்கல் வைத்து, தண்ணீரில் பொரி போட்டு வருவார்கள். அந்த மீனெல்லாம் கன்னிமார் வளர்க்கிற பிள்ளைகள். அதன்மேல் கை வைப்பதில்லை என்று அவன் பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறது. இதுவரை எவனும் மீறவில்லை. மீறினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் பயம்.

இதை டாக்டரிடம் சொல்ல முடியாது. டாக்டர் பகுத்தறிவாளர். போன வருடம் அமாவாசை ஜீப்பின் முன்னால் எலுமிச்சம்பழம் கட்டியதைப் பார்த்துவிட்டு முக்கால் மணி நேரம் மூடநம்பிக்கையைப் பற்றிப் பேசினார். மறு வாரம் ஜப்பான் பயிற்சிக்கான நேர்முகத்துக்கு மதுரை ரயிலைப் பிடிக்கக் கிளம்பியபோது, ஜீப்பைச் சுற்றி வந்து, “அந்தப் பழம் வாடிப்போச்சே, மாத்தலியா?” என்று கேட்டார்.

முதல் வியாழக்கிழமை ஜீப்பு நிலையத்தின் வாசலில் வந்து நின்றது. இடப்பக்கம் திரும்பினால் போடி வழியாகக் குரங்கணி. வலப்பக்கம் திரும்பினால் ராசிங்காபுரம்.

“என்ன மாப்ளே, யோசனை?” என்றான் அமாவாசை. மலைச்சாமி எல்லாவற்றையும் சொன்னான். அமாவாசை ஒரு பீடி முடிகிற மட்டும் கேட்டான்.

“கெண்டைக் குடலுதான வேணும்? அதுல மலையேறிப் பிடிச்சதா, கீழ பிடிச்சதான்னு எழுதியா இருக்கும்?” என்று சொல்லிவிட்டு ஜீப்பை வலப்பக்கம் திருப்பினான்.

ராசிங்காபுரத்தில் ஒச்சம்மாளுக்கு நாலு ஏக்கர் தக்காளியும், படிக்கட்டு வைத்த பெரிய கிணறும் இருந்தன. ஒரு வருடம் வாய்க்கால் உடைத்துக்கொண்டு கிணற்றுக்குள் பாய்ந்தபோது மலையில் இருந்து வந்த கெண்டைகள் உள்ளே விழுந்தன, அங்கேயே பெருகின. ஒரு மீன் செத்து மிதந்து ஒச்சம்மாள் பார்த்ததில்லை. மூன்று வேளையும் அவள் படியில் உட்கார்ந்துதான் பாத்திரம் விளக்குவாள். கரண்டி சட்டியில் பட்ட சத்தம் கேட்டதும் மீன்கள் கூட்டமாக மேலே வந்துவிடும். பருக்கையைப் போடுவாள். பழைய சோற்றில் மிஞ்சிப்போன நீச்சுத்தண்ணியையும், மாவுச் சட்டி அலசிய தண்ணியையும் அதிலேயே ஊற்றுவாள்.

“அக்கா, கவர்மெண்டுக்கு அஞ்சு கெண்டை வேணும்,” என்றான் மலைச்சாமி.

“கவர்மெண்டா? போன எலெக்சன்ல வந்தவக எல்லாம் கோழியில்ல கேட்டாக.”

“மீனு வேணாம்க்கா. குடலு மட்டும் போதும்.”

ஒச்சம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “ஒங்களுக்குச் சம்பளம் கொறச்சல்னு தெரியும் தம்பி. இம்புட்டுக் கொறச்சல்னு தெரியாது.”

ஏற்பாடு சுலபமாக முடிந்தது. குடல் அரசாங்கத்துக்கு, மீன் ஒச்சம்மாளுக்கு. அவளுக்கு மீன் கழுவுகிற சோலி மிச்சம். கூடவே அவளுடைய தக்காளிக் கூடைகளை அமாவாசை ஜீப்பில் ஏற்றிப் போடி மார்க்கெட்டில் இறக்கிவிட வேண்டும். குரங்கணி போய்த் திரும்ப ஒரு பகல் முழுக்க ஆகும் என்பதால், மீதி நேரத்தை இருவரும் பம்புசெட்டுக் கொட்டகையில் படுத்துக் கழித்தார்கள். சாயங்காலம் கிளம்பும்போது மலைச்சாமி கணுக்காலில் ஒச்சம்மாளின் வெற்றிலைச் சாற்றால் நாலு பொட்டு வைத்துக்கொள்வான். அட்டை கடித்த தடம்.

“பாவம்,” என்பார் டாக்டர், அதைப் பார்த்துவிட்டு. “விஞ்ஞானம் ரத்தம் கேட்கும்.” ஜீப்பின் பயணப் பதிவேட்டில் ‘குரங்கணி, கன்னிமார் தடாகம், 3800 அடி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். பாட்டிலின் மேலும் அதையே எழுதி ஒட்டுவார்.

ஏழாவது வாரத்துப் பாட்டிலில் அது கிடைத்தது. கண்ணாடித் தட்டில் வளர்த்தபோது, பக்கத்தில் இருந்த கெட்ட கிருமிகளை ஒன்றுகூட நெருங்க விடாமல் சுற்றிலும் இடம் ஒதுக்கிக்கொண்டு நின்றது. டாக்டர் அதற்குக் ‘குரங்கணி-7’ என்று பெயர் வைத்தார். உண்மையில் தன் பெயரை வைக்கத்தான் நினைத்தார். முதலில் கொஞ்ச நாள் மலையின் பெயர் இருக்கட்டும், உலகம் கேட்டுக்கொண்டால் மாற்றலாம் என்று விட்டுவைத்தார்.

மூன்று தொட்டிக் குஞ்சுகளுக்குக் குரங்கணி-7 கலந்த தவிடும் புண்ணாக்கும், மற்ற மூன்றுக்கு வெறும் தவிடும் புண்ணாக்கும் வைத்தார்கள். ஒரு மாதம் கழித்து, கலக்காத தொட்டிகளில் வழக்கம்போல நூற்றுக்குப் பன்னிரண்டு. கலந்த தொட்டிகளில் அறுபத்தொன்று. அன்று காலையில் மலைச்சாமி சல்லடையோடு கலந்த தொட்டியின் ஓரம் வெகுநேரம் நின்றான். அள்ள ஒன்றும் இல்லை. தண்ணீருக்குள் நகக்கண் அளவுக் குஞ்சுகள் கூட்டமாகத் திரும்பின. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, தொட்டிக்குக் கொண்டுவந்த வாளி காலியாக இருந்தது. அவனுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. யாரோ பின்னால் நின்று பார்ப்பதைப் போலவும் இருந்தது.

போடி வர்த்தகர்கள் கூடி டாக்டருக்கு ஏலக்காய் மாலையும் பொன்னாடையும் போட்டார்கள். டாக்டர் மேடையில் மனிதக் கை படாத மலைநீரைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். மூடுபனியைச் சொன்னபோது பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். குரங்கணிக்கு அவர் ஒரே ஒரு தடவை போயிருக்கிறார். எஸ்டேட் பங்களாவில் சாப்பிட்டுவிட்டு, கையலம்புகிற இடத்தில் ஒரு அட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

வாக்குக் கொடுத்தபடி மலைச்சாமியை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதவும் செய்தார். தை மாதம் ஆய்வுக் குழு வரும், திட்டம் தேறினால் ஆர்டர் வரும், தேறாவிட்டால் நிலையத்தையே மூடினாலும் மூடுவார்கள் என்றார். ராக்கு அன்றைக்குக் குழம்பில் கொஞ்சம் எண்ணெய் தாராளமாக விட்டாள்.

கெடுதல் டாக்டரின் நல்ல மனசில் இருந்து வந்தது. ஐப்பசியில் அவர் விவசாயிகளுக்கு அறிவூட்டப் புறப்பட்டார். முதல் கூட்டம் ராசிங்காபுரத்தில். மலைச்சாமி மைக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். முன்வரிசையில் ஒச்சம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

“கிணற்றுப் படியில் பாத்திரம் கழுவாதீர்கள்! எச்சில் தண்ணீரையும் புளித்த கஞ்சியையும் கிணற்றில் ஊற்றாதீர்கள்! ஜப்பானில் கிணற்றுப் பக்கம் சோற்றுப் பருக்கையைப் பார்க்க முடியாது. கிருமி, அம்மா, கிருமி!”

ஒச்சம்மாள் வெடுக்கென்று பேசுவாளே தவிர, படித்தவர்கள் சொன்னால் கேட்கிறவள். மறுநாள் காலையில் இருந்து வீட்டு வாசலில் குழாயடியில் விளக்க ஆரம்பித்தாள்.

அதற்குப் பின் மூன்றாம் வாரத்துப் பாட்டிலில் குரங்கணி-7 இல்லை. நான்காம் வாரத்திலும் இல்லை. அதே சமயத்தில் இரண்டு நாள் கரண்டு போய், குளிர்பெட்டியில் வளர்த்து வைத்திருந்த கிருமியும் கெட்டுப்போயிற்று. தொட்டிகளில் திரும்பவும் குஞ்சுகள் மிதந்தன. மலைச்சாமி வாளியைத் தேடி எடுத்தான்.

டாக்டர் கலங்கவில்லை. “மலைக் கிருமி அல்லவா? மழைக்காலத்தில் ஓய்வெடுக்கும்,” என்று சொல்லி, ‘பருவகால ஓய்வு’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரையைத் தொடங்கினார். கலங்கியது மலைச்சாமிதான். தைக்கு ஏழு வாரம் இருந்தது. அடுத்த வியாழக்கிழமை கிணற்றுப் படியில் போய் நின்றான். மீன்கள் வரவில்லை. படி காய்ந்து கிடந்தது.

“அக்கா, இங்க பாத்திரம் வெளக்குறதில்லையா?”

“ஓங்க டாக்டரய்யா சொன்னாருல்ல. கிருமி வருமாம்ல.”

மலைச்சாமி கிணற்றைப் பார்த்தான், குழாயடியில் கவிழ்த்து வைத்திருந்த மாவுச் சட்டியைப் பார்த்தான், மறுபடியும் கிணற்றைப் பார்த்தான். நுண்ணோக்கி இல்லாமலே அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

“அக்கா, அந்தக் கிருமிதான்க்கா எங்களுக்கு வேணும்.”

“வரக்கூடாதுன்னு அவரு மைக்கு வச்சுச் சொல்றாரு. வேணும்னு நீ வந்து நிக்கிறே. நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆபீசுதானா?”

“ஒரே ஆபீசுதான்க்கா. அவரு நிரந்தரம், நான் தற்காலிகம். ஓங்க நீச்சுத்தண்ணியிலதான் எம்பொழப்பு இருக்கு. பழையபடி ஊத்துங்க.”

ஒச்சம்மாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். “அட கெரகமே! ஊத்துறேன் போ. அதுக்கு ஏன் அழுகுறே? மூக்கத் தொடச்சுக்க.”

மார்கழியில் குரங்கணி-7 திரும்பி வந்தது. ஓய்வு முடிந்தது என்று டாக்டர் கட்டுரையை முடித்தார். கிருமி எங்கே இருந்து வருகிறது என்பது விஞ்ஞான உலகத்தில் ஒரே ஆளுக்குத்தான் தெரிந்திருந்தது. அவன் தற்காலிக ஊழியன்.

தை பிறந்ததும் கடிதம் வந்தது. ஆய்வுக் குழுவின் தலைவர் புரொபசர் குருவிளா. கேரளாக்காரர், மீனிலேயே தலை நரைத்தவர். நிலையத்தைப் பார்த்தால் போதாது, தடாகத்துக்கே ஏறி, தம் கண் முன்னால் மீன் பிடித்து, அதன் குடலைச் சோதிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். டாக்டர் புதுத் தொப்பி வாங்கினார். மலைச்சாமி இரண்டு நாள் சாப்பிடவில்லை.

வேப்பமரத்தடியில் அமாவாசையிடம் சொன்னான்: “முடிஞ்சது. மேல உள்ளத நான் தொட மாட்டேன். வேற எவனாச்சும் பிடிச்சாலும் அதுல கிருமி இருக்காது.”

“நம்ம மீனு அங்குட்டு இல்லேன்னா நம்ம கொண்டுபோயி விட வேண்டியதுதான மாப்ளே? நீ விட்ட மீன நீ பிடிச்சா கன்னிமாருக்கு என்ன கோவம்? ஒங்க வீட்டு ஆட்டக் கோயில் வாசல்ல கட்டிப்போட்டுத் திரும்ப ஓட்டிட்டு வர்றதில்லையா?”

மலைச்சாமி யோசித்தான். இதில் நியாயம் இருந்தது. ஆனால் தண்ணீருக்குள் போனபின் எது யார் மீன் என்று எப்படித் தெரியும்? அதற்கும் வழி கண்டான். ஒச்சம்மாளின் கிணற்றில் பிடித்த நாற்பது கெண்டைகளுக்கும் வாலின் ஓரத்தில் கத்திரியால் சின்னதாக ஒரு வெட்டு வைத்தான்.

“நாப்பதும் திரும்பி வரணும்,” என்றாள் ஒச்சம்மாள். “அதுகளுக்கு மலைக் குளிரு ஆகாது.”

குழு வருவதற்கு முதல் நாள் இரண்டு பேரும் பானைகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினார்கள். மலைச்சாமி ஒன்பது இடத்தில் உட்கார்ந்தான். நிஜமான அட்டைகள் கடித்தன; வெற்றிலைச் சாறு அளவுக்கு அவை சிவப்பாக இல்லை என்பதைக் கவனித்தான். தடாகத்தின் ஒரு மூலையைக் கல் அடுக்கித் தடுத்து மீன்களை விட்டான். ஏழு கல்லுக்கும் பொரி வைத்துக் கும்பிட்டான்.

“ஆத்தா, இது ஓங்க பிள்ளைக இல்ல. ஒச்சம்மா மீனு. வால்ல அடையாளம் இருக்கு, வேணும்னா பாத்துக்கங்க.”

மறுநாள் குழு ஏறி வந்தது. டாக்டர் புதுத் தொப்பியோடு பாறைமேல் நின்று, “மனிதச் சுவடே படாத இந்த நீரில்,” என்று ஆரம்பித்தார். மலையேறிய பசியில் புரொபசர் குருவிளா ஒரு கல்லில் உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறந்தார். மூடி அடுக்கில் பட்டு டங்கென்று சத்தம் கேட்டது.

நாற்பது கெண்டைகளும் அடுக்கிய கல்லைத் துள்ளித் தாண்டி, மூலையில் இருந்து புறப்பட்டு அவர் காலடியில் வந்து நின்றன. வாயைத் திறந்து திறந்து மூடின.

புரொபசர் ஒரு இட்டிலியைப் பிய்த்துப் போட்டார். தண்ணீர் கொதிப்பதைப் போலப் பொங்கியது. இட்டிலி இல்லை.

“டாக்டரே,” என்றார் புரொபசர் மெதுவாக, “இந்த மலைமீன் எப்போ இட்டிலி தின்னப் படிச்சது?”

மலைச்சாமி கண்ணை மூடிக்கொண்டான். டாக்டர் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்தார்.

“ஐயா, அதுதான் குரங்கணி-7. குடல் நலமாக இருந்தால் மனம் அச்சத்தை விடுகிறது. புதிய உணவை வரவேற்கிறது. மனிதனிடம் தானாக வருகிறது. இதை நான் ஜப்பானில்கூடப் பார்த்ததில்லை.”

குழுவில் இருந்த மற்ற இரண்டு பேரும் இதைக் குறித்துக்கொண்டார்கள்.

மலைச்சாமி ஐந்து மீனைப் பிடித்தான். ஒவ்வொன்றின் வாலையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பாத்திரத்தில் போட்டான். பார்த்தவர்கள் அதையும் ஒரு விஞ்ஞான முறை என்று நினைத்தார்கள். கீழே நிலையத்தில் குடலைச் சோதித்தபோது கண்ணாடித் தட்டுகளில் குரங்கணி-7 மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. டாக்டருக்கு இன்னொரு பொன்னாடை போட்டார்கள்.

புரொபசர் கிளம்புகிற அன்று, தொட்டியோரம் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்த மலைச்சாமியின் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஞான் ஆலப்புழைக்காரனாணு,” என்றார். “எங்கட அம்மச்சி கடவில, தண்ணிப் படியில, பாத்திரம் கழுகும். சத்தம் கேட்டா மீன் வரும். பின்னே, உங்க மீனுக்கு எல்லாம் வால்ல ஒரே இடத்துல முறிவு. இது வீட்டு மீன் அல்லே?”

மலைச்சாமிக்குப் பொய் சொல்லத் தெரியாமல் இல்லை. ஒரு வருடமாக வாராவாரம் சொல்லியிருக்கிறான். ஆனால் இந்த மனிதர் தொட்டியைப் பார்த்த பார்வையில் அது வரவில்லை. வகையறாவின் வாக்கில் ஆரம்பித்து, ஒச்சம்மாளின் மாவுச் சட்டி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னான்.

“அங்க உள்ளத நான் பிடிக்க மாட்டேன் சார். வேலை போனாலும் சரி. ஆனா குஞ்சு பொழைக்கிது, அது மட்டும் சத்தியம். வேணும்னா ஓங்க கையால எண்ணிப் பாருங்க.”

“எண்ணியாச்சு,” என்றார் புரொபசர். “டாக்டர்க்கு இது அறியுமோ?”

“தெரியாது சார்.”

“அறிய வேண்டா. கிணத்துக்காரிக்கு மறுபடி மைக்கு வச்சுப் பிரசங்கம் செய்யும்.” அவர் தோள் குலுங்கியது. சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. “உனக்கு நிரந்தரம் வேணும், இல்லே? எழுதறேன். நல்லா எழுதறேன்.”

சித்திரையில் ஆர்டர் வந்தது. மலைச்சாமி நிரந்தரம். ராக்கு தெருவுக்கே சீனி கொடுத்தாள். அவன் இரண்டாம் பத்தியைச் சாயங்காலம்தான் வாசித்தான். ‘கன்னிமார் தடாகத்து மீன்களை இவரைப்போல ஒவ்வொன்றாக அறிந்தவர் வேறு எவரும் இல்லை என்று ஆய்வுக் குழுத் தலைவர் பரிந்துரைத்திருப்பதால், மேற்படியார் மேற்படித் தடாகத்தின் கரையில் புதிதாக அமையும் கள முகாமில் தங்கிப் பணியாற்ற வேண்டும். பதவி இடமாற்றத்துக்கு உரியதல்ல.’

ராக்கு ஆர்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்கு அவளுக்குத் தெரியும்.

“மலையிலயா? இங்கிட்டு வரவே முடியாதா?”

“ஞாயித்துக்கெழமை வரலாம்.”

“நட்டுட்டாகள்ல,” என்றாள் ராக்கு. “இனி தண்ணி ஊத்துவாக.”

அதிலிருந்து வியாழக்கிழமை தோறும் ஜீப்பு ராசிங்காபுரத்தில் இரண்டு பானைக் கெண்டையும் ஒரு கேன் நீச்சுத்தண்ணியும் ஏற்றிக்கொண்டு, தக்காளியைப் போடியில் இறக்கிவிட்டு, குரங்கணிக்குப் போகிறது. அங்கே அமாவாசை ஆள் பிடித்துப் பானைகளை மேலே ஏற்றுகிறான். மலைச்சாமி மீன்களின் வாலைச் சரிபார்த்துத் தடாகத்தில் விடுகிறான், கேனைச் சாய்க்கிறான், முகாமுக்குப் போய் ஒரு டீ போட்டுக் குடிக்கிறான், திரும்பி வந்து தட்டைத் தட்டி, அதே மீன்களைப் பிடிக்கிறான். குடல் பாட்டிலில் கீழே போகிறது. டாக்டர் பதிவேட்டில் ‘கன்னிமார் தடாகம், 3800 அடி’ என்று எழுதுகிறார். இப்போது அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. மாவட்டம் முழுக்கத் தொட்டிகளில் குஞ்சுகள் பிழைக்கின்றன.

இரண்டாவது வருடம் ஐப்பசி மழைக்குப் பின்னால் ஒருநாள் அவன் தட்டைத் தட்டியபோது, வழக்கமான கூட்டத்தின் ஓரத்தில் விரல் நீளக் கெண்டைக் குஞ்சுகள் ஒரு நூறு வந்து நின்றன. வாலில் வெட்டு இல்லை. தப்பிப்போன ஒச்சம்மாள் மீன்கள் போட்டதா, கன்னிமார் மீன்கள் போட்டதா, இரண்டும் கலந்ததா என்று அவனால் சொல்ல முடியவில்லை. ஆனால் கேனைச் சாய்த்ததும் அவைதான் முதலில் ஓடி வந்தன.

அவற்றின் குடலில் குரங்கணி-7 இருந்தால், டாக்டர் ஆரம்பத்தில் இருந்து எழுதியதெல்லாம் இனிமேல் உண்மையாகிவிடும். அதைச் சோதிக்க ஒரே ஒரு குஞ்சு போதும். தடாகத்தில் மீன் பிடிக்க அதிகாரம் உள்ளவர் அரசாங்கத்தில் ஒரே ஒருவர்தான்.

மலைச்சாமி வலையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குஞ்சுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஏழு கல்லின் பக்கம் திரும்பி, “ஓங்க கணக்குலயே வச்சுக்கங்க ஆத்தா,” என்று சொல்லிவிட்டு, வாலில் வெட்டு உள்ளதாகப் பார்த்து ஐந்தை எடுத்தான்.